ஜொகூரில் நான் தடுத்த குளிர்காற்று

அம்மா சுவரில் விரலை வைத்து அழுத்தினார். லேசாகத்தான் அழுத்தினார். எட்டு நாளுக்கு முன் நான் அடித்த புது பெயிண்ட், ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கிக்கொண்டு விரலோடு வந்தது. அதற்கு அடியில் எள்ளைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள்.

அம்மா விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு கைலியில் துடைத்துக்கொண்டார்.

வருடக் கடைசி. ஜொகூரில் எங்கள் ஊர் உலு திராமில் ஐந்தாவது நாளாக மழை. ஹாலில் துணி காயும் கம்பி ஸ்டாண்டில் அப்பாவின் வேலைச் சட்டைகள் மின்விசிறிக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தன. சமையலறையில் சோறு கொதித்தது. பெயிண்ட் வாசம், கஞ்சி வாசம், காயாத துணி வாசம் மூன்றும் கலந்து வீட்டுக்குள் நின்றன. நின்றன என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். அவை எங்கேயும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

"அடுத்த ஞாயிறு ரெஸ்டோரன்லயே வச்சிக்கலாம் கவி," என்றார் அம்மா. "பெரிய ரோட்டுல வாழையிலச் சாப்பாட்டுக் கடை இருக்குல்ல, அங்க சொல்லிடு."

பஸ் வராவிட்டால் நடந்து போய்விடலாம் என்று சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். நான் அந்தச் சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

டின்களில் போன தீபாவளி

அடுத்த ஞாயிறு என்ன விசேஷம் என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மா ஒரே தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். மின்சாதனங்களுக்குள் போகும் பொடிப் பொடிப் பாகங்களைப் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் வைத்துச் சரிபார்க்கும் வேலை. அவருடைய வரிசையில் ஏழு பெண்கள் அவருக்குக் கூட்டாளிகள். அவர்களுக்குத் தலைவிபோல் இருந்தவர் கக் ரோஹானா, அதாவது ரோஹானா அக்கா. யாரையும் அதட்டாமல் எல்லாரிடமும் வேலை வாங்கத் தெரிந்த மலாய்க்காரப் பெண்மணி. அம்மாவின் பெயர் லெட்சுமி என்றாலும் அவர் வாயில் அது எப்போதும் லெச்சுதான்.

நோன்புப் பெருநாளுக்கு கக் ரோஹானா வீட்டில் ரெண்டாங் இறைச்சிக் கறி. சீனப் புத்தாண்டுக்கு மெய் ஃபோங் வீட்டில் ஆரஞ்சுப் பழமும் சிவப்பு உறையில் அங்பாவ் பணமும். அம்மா ஒரு வருடம் தவறாமல் போவார். போகும்போது நல்ல சேலை, திரும்பும்போது கையில் கட்டிக்கொடுத்த பலகாரம்.

தீபாவளிக்கு மட்டும் அவர்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. முறுக்கும் நெய்யுருண்டையும் பிஸ்கட் டின்களில் நிறைந்து தொழிற்சாலைக்குப் போகும். வீடு தூரம் என்று ஒரு வருடம், பாதை குழம்பும் என்று ஒரு வருடம், அன்றைக்கு நாங்கள் கோயிலுக்குப் போய்விடுவோம் என்று ஒரு வருடம். இந்த நாட்டில் பெருநாள் என்றாலே வீட்டை எல்லாருக்கும் திறந்து வைத்துச் சாப்பாடு போடும் திறந்த இல்ல உபசரிப்புதான். அம்மா மட்டும் தன் பெருநாளை டின்னில் அடைத்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் நடுவில் அவர் வேலையை விட்டு நின்றார். கடைசி நாள் சாப்பாட்டு நேரத்தில் கேக் வெட்டினார்களாம். ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்து அழுதார்களாம். அந்த அழுகையில் அம்மா சொல்லிவிட்டார்: புது வருடத்து முதல் ஞாயிறு எல்லாரும் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்.

வீட்டுக்கு வந்து இதை எங்களிடம் சொன்னபோது, கண்ணாடிச் சாமான் எதையோ உடைத்துவிட்டு வந்தவர்போல் இருந்தார்.

"வாய் தவறிடுச்சி," என்றார். "இந்தச் செவுத்த என்னா பண்றது?"

பெயரில்லாத நிறங்கள்

எங்களுடையது வரிசையில் கடைசி வீடு. ஹாலின் ஒரு பக்கச் சுவர் நேரே மழையைப் பார்த்து நிற்கும். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அந்தச் சுவரில் ஈரம் ஏறி, தேசப்படம்போல் ஒரு கறை விழும். தைப்பூசத்துக்குள் காய்ந்துவிடும். ஆனால் கறை காய்ந்த இடம் தனியாகத் தெரியும்.

அதற்கு அப்பா கண்ட மருந்து பெயிண்ட்.

அப்பாவும் அம்மாவும் பிறந்தது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். அங்கே நிர்வாகமே வருடத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடித்துக் கொடுக்கும். எல்லா வீடும் வெள்ளை. உனக்கு என்ன நிறம் வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்டது கிடையாது. அதனால் சொந்த வீடு வந்ததும் அப்பாவுக்கு நிறங்களின் மேல் அடங்காத ஆசை வந்துவிட்டது.

பெயிண்ட் கடைகளில் ஒரு மூலை உண்டு. யாரோ ஒருவர் ஒரு நிறம் கேட்டிருப்பார். இயந்திரத்தில் கலக்கும்போது கொஞ்சம் தப்பியிருக்கும். "இது இல்லை" என்று அவர் விட்டுப்போன டின்கள் அந்த மூலையில் மலிவாகக் கிடக்கும். தொழிற்சாலை பஸ் ஓட்டும் அப்பா, வேலை முடிந்து வரும் வழியில் அந்த மூலையை எட்டிப் பார்க்காமல் வரமாட்டார். ஒரு வருடம் ஹால் பச்சை. மறு வருடம் பீச் பழத்துக்கும் செங்கலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பிறகு ஒரு நீலம். எங்கள் வீட்டில் இருந்த எந்த நிறத்துக்கும் பெயர் கிடையாது.

அந்தச் சுவரில் ஈரம் ஏறாத ஒரே இடத்தில் ஆணி அடித்து என் பட்டமளிப்புப் படத்தை மாட்டியிருந்தார்கள். அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. அப்பா ஆறு. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது வேதியியல். இதை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எத்தனை வாரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது. போன வாரமும் எழுதினேன், ஆசிரியர் வெட்டிவிட்டார்.

ஆகவே, சுவரை என்ன செய்வது என்று அம்மா கேட்டபோது, அந்தக் கேள்வி படித்தவளுக்கு என்றே கேட்கப்பட்டதாக எடுத்துக்கொண்டேன்.

பத்து சுலபமான வேலைகள்

நான் வேலை பார்க்கும் ஜொகூர் பாரு அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் தேடியபோது அது அகப்பட்டது. குளிர்காலத்தில் வீட்டைப் புதுப்பிக்கப் பத்து சுலபமான வேலைகள். ஏதோ வெளிநாட்டுப் பெண் எழுதியது. படங்களில் வீடு பால்போல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி.

நமக்கும் குளிர்காலம்தானே என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். விடாத மழையில் ஜொகூர் இருபத்து நான்கு டிகிரிக்கு இறங்கினால் அம்மா காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார். அப்பா பஸ்ஸுக்குக் குளிர்சட்டை போட்டுக்கொண்டு போவார். எங்களுக்கு இதற்குமேல் ஒரு குளிர்காலம் எங்கிருந்து வரும்?

முதல் வேலை, சோபாவின்மேல் கனமான போர்வையை அழகாக மடித்துப் போடுவது. போட்டேன். அப்பா வேலை முடிந்து வந்ததும் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார்.

இரண்டாவது, மேசைமேல் மூன்று மெழுகுவர்த்திகள். அம்மா அவற்றை எடுத்து டிராயரில் வைத்துவிட்டார். கரண்ட் போனால் தேட வேண்டாம் பார் என்றார்.

மூன்றாவது, காய்ந்த குச்சிகளை ஒரு ஜாடியில் செருகி வைப்பது. மறுநாள் ஜாடி மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது. குச்சிகளைப் பற்றி நானும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

நான்காவதுதான் நிறம். இந்த முறை கடை மூலைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, என் சம்பளத்தில் நல்ல பெயிண்ட் வாங்கினேன். டின்னின்மேல் நிறத்துக்குப் பெயர் அச்சடித்திருந்தது. அப்பா அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். பனி வெள்ளை என்று நான் தமிழில் சொன்னேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சாம்பல் மாதிரி இருக்கு என்றார்.

ஐந்தாவது வேலை என்னை மயக்கிவிட்டது. "குளிர்காற்று நுழையும் இடைவெளிகளை எல்லாம் அடையுங்கள்."

எங்கள் ஊர் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னலுக்கு மேலும் கதவுக்கு மேலும் துளை போட்ட சிமெண்ட் கற்களைப் பதித்திருப்பார்கள். காற்றுக்காக. அந்தத் துளைகளின்மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம். மழைச் சாரல் அதன் வழியாக வந்து என் பள்ளிப் புத்தகங்களை நனைத்திருக்கிறது. கொசு அதன் வழியாகத்தான் வரும். எதிர்வீட்டுக் கருவாட்டு வாசமும் அதன் வழியாகத்தான்.

கனமான பிளாஸ்டிக் தாளும் பஞ்சு டேப்பும் வாங்கி வந்தேன். நாற்காலிமேல் ஏறி நின்று ஹாலின் துளைகளை ஒன்று விடாமல் அடைத்தேன். அடுக்குக் கண்ணாடி ஜன்னல்களின் இடுக்குகளிலும் டேப் ஒட்டினேன். இரண்டு படுக்கையறைகளையும் முடித்தேன். சமையலறைக்குப் போனபோது டேப் தீர்ந்துவிட்டது.

கீழே இறங்கி நின்று பார்த்தேன். சாரல் இல்லை, கொசு இல்லை. மழைச் சத்தம்கூட எங்கோ அடுத்த தெருவில் பெய்வதுபோல் கேட்டது. நல்லாத்தான் இருக்கு என்று அம்மாவே சொன்னார். அந்த ஊக்கத்தில் அடுத்த நாளே சுவருக்கு இரண்டு பூச்சு அடித்தேன். தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.

மழைக்காலம் என்பதால் துணியெல்லாம் அந்த ஹாலில்தான் காய்ந்துகொண்டிருந்தது. துணியின் ஈரம் எங்கே போகும் என்று வேதியியல் பட்டதாரி யோசிக்கவில்லை.

நல்ல பெயிண்ட் ஒத்துக்காது

இனி அம்மா சுவரை அழுத்திப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அம்மா அடுப்படிக்குப் போன பிறகு அப்பா வந்து சுவரைப் பார்த்தார். அங்கங்கே அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள். ஒன்றை உடைத்துப் பார்த்தார்.

"இதான் சொல்றது, நல்ல பெயிண்ட் நம்ம வீட்டுக்கு ஒத்துக்காது," என்றார். பிறகு மிச்ச டின்னை மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக்கொண்டு, மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு, கடைக்காரரிடம் நியாயம் கேட்கக் கிளம்பினார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கடைக்காரர் வயதான சீனர். அப்பாவை அவருக்கு வருடக்கணக்காகத் தெரியும். டின்னைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சுவருக்கு நன்றாகக் காற்று பட்டதா என்று மலாயில் கேட்டார். எங்கள் வீட்டில் நாலா பக்கமும் காற்றுதான், அதுதான் அந்த வீட்டின் பிரச்சினையே என்று அப்பா பெருமையாகச் சொன்னார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு, பழகிய முகத்துக்காக, புது டின் ஒன்றை எடுத்து இலவசமாகக் கொடுத்தார்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோதே எனக்கு என் பிளாஸ்டிக் தாள் ஞாபகம் வந்தது. அப்பா பேசி முடிக்கும்வரை ஆணிகள் தொங்கும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாற்காலியில் ஏறினேன். நான் ஒட்டிய பிளாஸ்டிக் தாளின் உட்பக்கம், ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்பக்கம்போல் முத்து முத்தாக வேர்த்திருந்தது. டேப் தீர்ந்துபோன சமையலறைக்குப் போய்ச் சுவரைத் தடவினேன். தினமும் சோறும் குழம்பும் கொதிக்கும் இடம். சுவர் காய்ந்து கிடந்தது.

ஈரக் காற்றை மூடி வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத் தேர்வில் ஒரு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழி பெயிண்டின்மேல் இருந்தது, சுவரின்மேல் இருந்தது. இரண்டும் பேசாது. திங்கள்கிழமை வேலைக்குப் போனேன். சாப்பாட்டுக் கடையில் சொல்லிவிட்டாயா என்று அம்மா போன் செய்து கேட்டார். சொல்கிறேன் என்றேன். செவ்வாய் சாயங்காலம் மறுபடி கேட்டார்.

முருங்கைக்கீரை

அப்போது அம்மா ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு, தப்பு பெயிண்டில் இல்லை என்றேன். சுவரிலும் இல்லை, நான் துளைகளை அடைத்ததால் வந்தது என்று முழுவதையும் சொன்னேன்.

அம்மா முதலில் கேட்டது கடைக்காரரைப் பற்றித்தான். "அப்ப அந்த ஆளுகிட்ட சும்மா வாங்கியாந்த டின்னு?"

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். துளைகளைத் திறந்துவிட்டு, சுவரைச் சுரண்டிக் காயவைத்தால் சரியாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டுக்கே வரட்டும் என்றேன். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செவுத்துக்காக மட்டும் சொல்லல கவி," என்றார். "நீ ஸ்கூல்ல கடைசி வருஷம், ஃபார்ம் ஃபைவ் படிக்கிறப்ப ஒரு கூட்டாளி வந்துச்சி, ஞாபகம் இருக்கா? வெள்ளக் காரு. அதோட அம்மா காருக்குள்ள இருந்தாங்க. நான் அவங்களுக்குக் குடிக்கத் தண்ணி கலக்கிட்டேன். நீ கேட்டுலயே நின்னு, வீட்ல யாரும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்ட."

எனக்கு ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு ஞாபகம் வந்தது.

"நான் ஜன்னல்கிட்டதான் நின்னேன், ட்ரேயோட. அந்த வருஷம்தான் ரோஹானாவக் கூப்பிடலாம்னு இருந்தேன். படிக்கிற புள்ளைக்கே வெக்கமா இருக்கிற வீட்டுக்கு நான் யாரக் கூப்பிடறது?"

இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் என் படிப்பைப் பற்றி எழுதியிருக்கிறேன். வீட்டில் முதல் ஆள், முதல் ஆள் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் படிப்பு ஒரு நாள் கேட்டில் நின்று என் அம்மாவை இல்லை என்று சொன்னதை நான் எழுதவில்லை. மறைத்து வைக்கவில்லை, மறந்தே போயிருந்தேன். அதுதான் இன்னும் மோசம்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"சரி, அழுவாத. கீரைல உப்பு கூடிடும்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, நானே கூப்பிடுகிறேன் என்றேன். சுவரைப் படம் எடுத்து கக் ரோஹானாவுக்கு அனுப்பி, எங்கள் வீடு இப்படித்தான் இருக்கிறது, வாருங்கள் என்று எழுதுகிறேன் என்றேன். கைப்பேசியைத் தூக்கினேன். நீ சும்மா இரு என்று அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார். கையைக் கைலியில் துடைத்தார். குரல் பதிவு செய்யும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மழைச் சத்தம் மட்டும் பதிவாகிக்கொண்டிருந்தது.

"ரோஹானா," என்றார். "ஜாடி டாத்தாங் யா. டிண்டிங் புருக். காரி செடாப்."

கட்டாயம் வரவேண்டும். சுவர் அசிங்கம். கறி ருசி.

விரலை எடுத்தார். போய்விட்டது. இருபத்திரண்டு வருடம் மனமறிந்து சொல்லாத அழைப்பு அவ்வளவு சின்னதாக இருந்தது.

பதில் உடனே வந்தது. கக் ரோஹானா முதலில் சிரித்தார். பிறகு, நாங்கள் என்ன உன் சுவரை நக்கவா வருகிறோம் என்று கேட்டார்.

அம்மா எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தார். நூலாம்படையைத் தட்டிவிட்டுப் பிரித்தார். இரண்டு பெரிய சட்டிகள், ஒரு சோற்றுப் பானை, கரண்டிகள். கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கப்படவில்லை. முஸ்லிம் கூட்டாளிகளுக்குச் சமைக்க வேண்டும் என்றால் ஹலால் கோழி வாங்கினால் மட்டும் போதாது, புழங்காத பாத்திரத்தில் சமைத்தால்தான் அவர்கள் மனம் ஒப்பிச் சாப்பிடுவார்கள் என்று எங்கள் பக்கம் பல வீடுகளில் தனிச்சட்டி வைத்திருப்பார்கள். எப்போது வாங்கியது என்று கேட்டேன். வெள்ளைக் கார் வந்த வருடம் என்றார் அம்மா.

பட்டியலில் இல்லாத வேலைகள்

மீதி நாட்களில் நாங்கள் செய்தது எதுவும் அந்த வெளிநாட்டுப் பெண்ணின் பட்டியலில் இல்லை. உங்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பிளாஸ்டிக் தாள்களைக் கிழித்தேன். கடைசித் துளை திறந்ததும் உள்ளே வந்த காற்றில் நாள்காட்டி படபடத்தது. எதிர்வீட்டுக் கருவாடும் வந்து சேர்ந்தது. அப்பா ஏணி வைத்து ஏறி, வெளிப்பக்கத்தில் துளைகளுக்குக் கொசுவலை அடித்தார். அதன்மேல் சாரல் படாமல் சாய்வாக ஒரு தகரத் துண்டு. காற்று வரும், தண்ணீர் வராது, கொசுவும் வராது. இவ்வளவு சின்ன வேலையை இத்தனை வருடம் நாங்கள் யாரும் செய்யவில்லை.

துணி ஸ்டாண்டு கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே போனது. சுவரோடு ஒட்டிக்கிடந்த சோபாவை ஒரு சாண் தள்ளிப் போட்டோம். அதன் பின்னால் என் பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றும், அப்பா தேடிக்கொண்டிருந்த ஸ்க்ரூடிரைவரும், பெயர் தெரியாத ஒரு பல்லியின் எலும்பும் இருந்தன.

பிறகு சுரண்டல். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பட்டைக் கத்தியால் நானும் அப்பாவும் சுரண்டினோம். என் பனி வெள்ளைக்கு அடியில் நீலம் வந்தது. நீலத்துக்கு அடியில் பீச்சும் செங்கலும். அப்புறம் பச்சை. அப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். இது நீ தமிழ்ப்பள்ளிக்கு முதல் நாள் போன வருடம், இது நான் புது பஸ் எடுத்த வருடம் என்று ஒவ்வொரு செதிலாகக் காட்டினார். கறுப்புப் பிடித்த இடங்களைக் குளோரின் கலந்த தண்ணீரால் துடைத்து, இரவல் வாங்கிய மின்விசிறியையும் சேர்த்து இரண்டை அதன்முன் ஓட விட்டோம்.

சனிக்கிழமை நான் அப்பாவோடு டின்னைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கடைக்காரர் மெதுவாகக் கேட்டுக்கொண்டார். எப்படி அடைத்தாய், எத்தனை துளை, ஒன்றுகூட விடவில்லையா என்றெல்லாம் விவரமாக விசாரித்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, படித்த பிள்ளை இல்லையா, அதனால்தான் இவ்வளவு நன்றாக அடைத்திருக்கிறது என்றார். மழை விட்டு ஒரு மாதம் ஆகும்வரை தூரிகையைத் தொடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவர் உரித்தது உரித்தபடி நின்றது. திட்டுத் திட்டாகப் பச்சை, நீலம், சிமெண்ட். அதன்மேல் ஒரு துணியைத் தொங்கவிடலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஞாயிறு

பதினொரு மணிக்கு முதல் கார் வந்தது. மழை விடவில்லை. குடைகளை வாசலில் விரித்து வைத்துவிட்டு ஆறு பேர் ஹாலுக்குள் வந்தார்கள். ஒருவர் மட்டும் இன்னும் வரவில்லை. புதுச் சட்டியில் கோழிக்கறி தளதளவென்றிருந்தது. தரையில் பாய் விரித்து இலை போட்டிருந்தோம்.

நல்லவர்கள் சுவரைப் பார்க்காததுபோல் உட்காருவார்கள் என்று நினைத்தேன். மெய் ஃபோங் நேரே சுவரிடம் போனார். பூதக்கண்ணாடிக்குக் கீழே வாழ்நாளைக் கழித்தவர் அல்லவா. ஒரு திட்டைக் குனிந்து பார்த்து, விரலால் தடவி, லெச்சு, இது என்ன ஆயிற்று என்று கேட்டார்.

காற்றின் ஈரப்பதத்தைப் பற்றி நான் ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

அம்மா முந்திக்கொண்டார். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றபடி மலாயில் தொடங்கினார். அந்தப் படத்தில் தொப்பி போட்டு நிற்கிறாளே என் மகள், பெரிய படிப்பு படித்தவள், ஒரு நாள் காலையில் எழுந்து ஜொகூரில் பனி பெய்கிறது என்று முடிவு செய்துவிட்டாள் என்றார்.

கக் ரோஹானா இலையின்முன் உட்காரப் போனவர், உட்காராமல் நின்றார்.

அம்மா போர்வையைச் சொன்னார். அப்பா யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டதை அப்பாவின் குரலிலேயே சொன்னார். மெழுகுவர்த்தியைச் சொன்னார். குச்சிகளை என்ன செய்தார் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பின்வாசலில் அவற்றின்மேல் அவரைக் கொடியைப் படர விட்டிருக்கிறார். நான் நாற்காலிமேல் ஏறி நின்றதை, கரண்டியைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நின்று நடித்துக் காட்டினார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். தொழிற்சாலையில் இவர் அமைதியான ஆள் என்று எல்லாரும் சொல்வார்கள்.

கக் ரோஹானா சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கப் பச்சைத் தூள். அதைப் பார்த்து மறுபடி சிரித்தார். என் கன்னத்தைத் தட்டிவிட்டு, இந்தப் பிள்ளையைப் பார்க்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறதே என்றார். ஏன் என்று அவர் அம்மாவைக் கேட்கவில்லை. அம்மாவும் தூரம், பாதை, கோயில் எதையும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வா, ஆறுகிறது என்றார்.

சாப்பிட்டார்கள். இரண்டாம் முறை சோறு வாங்கினார்கள். கறியில் என்ன போட்டாய் என்று ஒருவர் கேட்க, அம்மா சொல்ல மறுக்க, ஒரே சண்டை. என்னைப் பார்த்தபோதெல்லாம் யாராவது ஒருவர் குளிர்கிறதா என்று கேட்டார். பட்டமளிப்பு நாளில் மேடையில் என் பெயரைப் படித்தபோதுகூட நான் அவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருக்கவில்லை.

பாதிச் சாப்பாட்டில் கேட்டு கிறீச்சிட்டது. பஸ்ஸைத் தவறவிட்ட ஏழாவது கூட்டாளி, நனைந்த முக்காட்டோடு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து சுவரைப் பார்ப்பதற்குள் அம்மா கதையை முதலிலிருந்து தொடங்கிவிட்டார். இந்த முறை அதில் நான் வாசல் கதவையும் சேர்த்து அடைத்திருந்தேன். கதையில் அப்பா வேலை முடிந்து வந்து வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்பதுபோல் அப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் இன்னொரு இலை போட்டேன்.